கீட்டோவா, கலாபகோஸா?

தென் அமெரிக்க நாடான எக்வடோருக்கு ஒரு வாரம்தான் ஒதுக்க முடியும் என்றால் எதை விடுவது? தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்கும். ஆனால் செலவு குறைவு. 1978-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பழைய நகரத்தை நடந்தே பார்க்கலாம். லா கொம்பாஞ்ஞியா தேவாலயத்தின் உள்ளே தங்கத்தகடு மின்னும்.

கலாபகோஸ் தீவுகளோ கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி. வெளிநாட்டவர் பெரும்பாலோருக்கு நுழைவுக் கட்டணமே 200 டாலர். சரி, அப்படி என்ன இருக்கிறது அங்கே? கறுத்த எரிமலைப் பாறையில் கடல் இகுவானாக்கள் என்ற பெரிய பல்லிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து வெயில் காயும். அவ்வப்போது மூக்கால் உப்பைத் தும்மும். துறைமுக பெஞ்சில் கடற்சிங்கம் தூங்கும். எழுப்பக் கூடாது, நாம்தான் நிற்க வேண்டும்.

கையில் காசிருந்தால் என் ஓட்டு தீவுக்கே. கீட்டோவிலிருந்து விமானம் ஏறினால் ஒருநாள் நகரமும் கிடைத்துவிடும்.