ஆசையா, அழைப்பா: மூன்று இவாஞ்சலிக்கல் கல்லூரிகள், மூன்று பாதைகள்

ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் இருக்கும் சபைப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துத் திருத்தம் சொல்வது, இங்கே அமெரிக்காவில் எனக்குச் சில வருடங்களாகப் பழகிப்போன வேலை. "செனட்டர் ஆக ஆசைப்படுகிறேன்" என்று அவர்களில் ஒருவரும் எழுதுவதில்லை. "அரசியலுக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன்", அதாவது தேவனே அழைத்தார் என்றுதான் எழுதுவார்கள். மருத்துவம் என்றால் அது தேவன் மனதில் வைத்த பாரம். ஊடகம் என்றால் சாட்சி. இது பாசாங்கு இல்லை, மனதார எழுதுகிற பிள்ளைகள்தான். ஆனால் ஆசைக்கு அழைப்பு என்று பெயர் வைத்துவிட்டால், அதை எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவும் யாருக்கும் வாய் வராது. பெற்றோர் தயங்குவார்கள், பாஸ்டர் ஜெபித்து அனுப்பிவிடுவார். கேட்க வேண்டிய பொறுப்பு கல்லூரியின் தலையில் விழுகிறது.

அதனால் இந்தக் கல்லூரிகளை ஒப்பிடும்போது ரேங்க் பட்டியலையும் விளையாட்டு மைதானத்தையும் நான் பிறகுதான் பார்ப்பேன். பிள்ளை கொண்டுவரும் லட்சியத்தை இந்த இடம் என்ன செய்யும் என்பதே என் முதல் கேள்வி. வேதாகமத்தையும் தனிப்பட்ட மனந்திரும்புதலையும் வலியுறுத்தும் இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டண்ட் கல்லூரிகளில் அடிக்கடி காதில் விழும் மூன்று பெயர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றி, அதே மாநிலத்தின் லிபர்ட்டி, இல்லினாயின் வீட்டன்.

பேட்ரிக் ஹென்றி கல்லூரி 2000இல் திறக்கப்பட்டது. வீட்டிலேயே படித்து வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காகச் சட்டப் போராட்டம் நடத்திவந்த மைக்கேல் ஃபாரிஸ்தான் நிறுவனர். இடம் பர்சல்வில், வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அந்தத் தூரத்திலேயே கல்லூரியின் நோக்கம் தெரிந்துவிடும். தேசத்தை நடத்தும் அறைகளுக்குள் விசுவாசிகளை அனுப்ப வேண்டும் என்பதை இவர்கள் ஒளித்துப் பேசியதே இல்லை. 2004 வசந்த காலத்தில் வெள்ளை மாளிகையில் இருந்த ஏறத்தாழ 100 இன்டர்ன்களில் 7 பேர் இங்கிருந்து போனவர்கள். அப்போது கல்லூரியின் மொத்த மாணவர்களே 240 பேர் அளவுதான்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது, மாணவர்கள் வழக்கறிஞர்களாக நின்று வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி. இருவர் கொண்ட அணி, கையில் குறிப்புத்தாள், எதிரே நீதிபதி இருக்கையில் மூன்று பேர். மாணவி முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒரு நீதிபதி குறுக்கே வெட்டுவார்: "அப்படியானால் அந்தப் பழைய தீர்ப்பை என்ன செய்யப் போகிறீர்கள்?" அவள் தாளைப் புரட்டக்கூடாது. கேள்வியை முழுசாக வாங்கிக்கொண்டு பதில் சொல்லி, விட்ட இடத்திலிருந்து வாதத்தை மறுபடி பிடிக்க வேண்டும். அடுத்த சுற்றில் அதே வழக்கில் எதிர்த்தரப்புக்காக அவளே வாதாட வேண்டியிருக்கும். காலையில் தான் உடைத்த வாதத்தை மதியம் தானே கட்டியெழுப்ப வேண்டும். பேட்ரிக் ஹென்றி இந்தப் போட்டியில் பலமுறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. 2004இலும் 2005இலும் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியையும் தோற்கடித்தது. ஒரு கேள்விக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதை உடம்பில் ஏற்றும் பயிற்சி இது. பதினெட்டு வயதில் இதைவிட நல்ல சிட்சை கிடைப்பது கஷ்டம்.

போட்டி அறையில் கிடைத்த அந்தச் சுதந்திரம் வகுப்பறையில் எவ்வளவு தூரம் நீண்டது என்பதில்தான் சிக்கல். 2006இல் முழுநேர ஆசிரியர்கள் 16 பேரில் 5 பேர் ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். வேதாகமத்துக்கு வெளியே உள்ள சிந்தனையாளர்களிடமிருந்தும் உண்மையைக் கற்க முடியுமா, எவ்வளவு தூரம், எந்தத் தொனியில் என்பதுதான் சண்டை. அவர்களும் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள்தான், நாத்திகர்கள் அல்ல. முந்நூறு பேர் புழங்கும் சின்ன வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர்கள் போனால் அது மாணவரின் சாப்பாட்டு மேஜை வரை வரும். யாருடைய வகுப்பில் முதன்முதலாகச் சிந்திக்கக் கற்றாரோ அவர் அடுத்த பருவத்தில் இல்லை. அதற்குப் பிறகு கல்லூரி மாறியிருக்கிறது, நிர்வாகமும் மாறியிருக்கிறது. ஆனாலும் விசாரிக்காமல் விடக்கூடாத வரலாறு அது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வட்டத்தில் பெண்களுக்கு இரண்டு செய்தி ஒரே வாயிலிருந்து கிடைக்கும். நீதிமன்றத்தில் நின்று வாதாடு, தேசத்தை மாற்று என்பது ஒன்று. குடும்பமே உன் முதல் ஊழியம், கணவனே தலை என்பது மற்றது. பேட்ரிக் ஹென்றியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு பெண்ணோடு பழக விரும்பும் மாணவர் முதலில் அவளுடைய அப்பாவிடம் அனுமதி கேட்பதே முறை. நம் வீடுகளில் வளர்ந்த பெண்ணுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆனால் பட்டமும் வாங்கி, வாதத்திலும் ஜெயித்து, 22 வயதில் இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் தனியாக நிற்கும்போது யார் அவளோடு உட்கார்ந்து பேசுவார்கள்? வளாகத்தில் திருமணமான பெண் பேராசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மூன்று கல்லூரிகளுக்கும் அதே அளவுகோல்தான்.

லிபர்ட்டி முற்றிலும் வேறு அளவு. பாப்டிஸ்ட் போதகர் ஜெரி ஃபால்வெல் 1971இல் லிஞ்ச்பர்க்கில் தொடங்கியபோது 154 மாணவர்கள். இன்று ஆன்லைனில் படிப்பவர்களையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். சட்டம், விமானம் ஓட்டுதல், நர்சிங், மருத்துவம் என்று இங்கே இல்லாத படிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாணவர் விசுவாசியாக இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, நடத்தை விதிகளுக்கு உட்பட்டால் போதும். 'கிறிஸ்துவுக்காகச் சாம்பியன்களைப் பயிற்றுவிப்போம்' என்பது இவர்களுடைய முழக்கம். அந்தச் சாம்பியன் என்ற சொல்லில் மைதானம், மேடை, கைத்தட்டல் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்த மேடைக்குப் பெயர் கான்வொகேஷன். பட்டமளிப்பு விழா என்று நினைத்துவிட வேண்டாம், வளாக மாணவர்கள் வந்தே தீரவேண்டிய பெருங்கூடுகை அது. 2015 மார்ச் 23 அன்று குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் தன் அதிபர் வேட்புமனு அறிவிப்பை அந்த மேடையில்தான் செய்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அரங்கம் நிறைந்த ஆதரவாளர்கள் போலத் தெரிந்தது. ஆனால் வருகை கட்டாயம் என்பதால் வந்து உட்கார்ந்தவர்கள் அதில் பலர். ஒரு சில மாணவர்கள் போட்டியாளராக வரவிருந்த ராண்ட் பாலுக்கு ஆதரவு சொல்லும் சிவப்பு டீ ஷர்ட் போட்டுக்கொண்டு கேமராவில் படும்படி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விதியை மீறவில்லை, கூச்சல் போடவில்லை, எழுந்தும் போகவில்லை. "என்னை உங்கள் பின்னணிப் படமாக்க வேண்டாம்" என்று ஒரு சட்டையால் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டு நிறுவனரின் மகனான ஜெரி ஃபால்வெல் ஜூனியர், அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர், டிரம்பைப் பகிரங்கமாக ஆதரித்தபோது, அவர் எங்களுக்காகப் பேசவில்லை என்று மாணவர்கள் அறிக்கை விட்டு கையெழுத்துத் திரட்டினார்கள். லிபர்ட்டி மாணவர் எல்லோரும் ஒரே அச்சு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் மறந்துவிடக்கூடாது.

நிறுவனத்தின் பக்கம் கணக்கு வேறு. அந்தத் தலைவர் சொந்த வாழ்க்கை பற்றிய சர்ச்சையில் 2020 ஆகஸ்டில் பதவி விலகினார். அதைவிடப் பெரியது 2024 மார்ச்சில் வந்தது. வளாகக் குற்றங்களை ஒழுங்காகப் பதிவுசெய்து வெளியிடவில்லை என்று மத்தியக் கல்வித்துறை லிபர்ட்டிக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அப்படிப் பதிவுசெய்து வெளியிடுவதைக் கட்டாயமாக்கும் சட்டத்தின் கீழ் அதுவரை யாருக்கும் விதிக்கப்படாத தொகை. பாலியல் தாக்குதலுக்கு உள்ளான மாணவிகள், அன்று குடித்திருந்தாய், ஆண்கள் இருந்த இடத்துக்குப் போனாய் என்று நடத்தை விதிப்படி தாங்களே தண்டிக்கப்படுவோமோ எனப் பயந்து வாய் திறக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. விதிமுறை பிள்ளையைக் காக்கும் என்று நம்பித்தான் நாம் இப்படிப்பட்ட கல்லூரியைத் தேடுகிறோம். அதே விதிமுறை பிள்ளையின் வாயைப் பொத்தியது என்று படித்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. லிபர்ட்டியைப் பற்றி யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டன் இரண்டையும்விட ரொம்ப மூத்தது. 1860இல் அடிமைமுறைக்கு எதிராகக் கொடி பிடித்த ஜொனாதன் பிளாஞ்சர்டைத் தலைவராகக் கொண்டு ஆரம்பமானது. அவர் பெயரில் நிற்கும் கல்கட்டடத்தில் தப்பிவந்த அடிமைகள் ஒளிந்து தங்கியிருக்கிறார்கள். இப்போது அதே கட்டடத்தின் கோபுர மணியை, திருமணம் நிச்சயமான ஜோடிகள் ஏறிப்போய் அடிப்பது வழக்கம். சிகாகோவுக்கு மேற்கே, இளநிலை மாணவர்கள் இரண்டாயிரம் சொச்சம். எல்லோரும் நடத்தை பற்றிய ஒரு சமூக உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டு வருபவர்கள். நடனத்துக்கு இருந்த தடை 2003இல்தான் நீங்கியது.

உலகப் புகழ்பெற்ற பிரசங்கியார் பில்லி கிரகாம் 1936இல் முதலில் சேர்ந்தது கெடுபிடிக்குப் பேர்போன பாப் ஜோன்ஸ் கல்லூரியில். ஒரு பருவத்தோடு கிளம்பிவிட்டார். ஃபுளோரிடாவில் வேதாகமப் படிப்பு முடித்துப் பிறகு வீட்டனுக்கு வந்தார். அங்கே அவர் எடுத்த பாடம் மானிடவியல். பட்டம் வாங்கியது 1943இல். உலகம் சுற்றிப் பிரசங்கிக்கப் போகிற ஒருவர் மனிதக் கூட்டங்களைப் படிக்க நான்கு சுவருக்குள் உட்கார்ந்தார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சி தருகிறது.

ஆறு வருடம் கழித்து அங்கேயே பட்டம் வாங்கிய மிஷனரி ஜிம் எலியட், 1956 ஜனவரியில் ஈக்வடார் காட்டில் வாரானி பழங்குடி மக்களால் நான்கு தோழர்களோடு கொல்லப்பட்டார். வீட்டன் மாணவரின் லட்சியக் கனவில் எலியட்டின் நிழல் இன்னும் இருக்கிறது. வாஷிங்டன் போகிறேன் என்பதைவிட, பெயர் தெரியாத ஊருக்குப் போகிறேன் என்பதற்கு இங்கே மரியாதை அதிகம். அதிலும் ஆபத்து உண்டு. தியாகமும் ஒரு பெருமையாக, அதிலும் ஒரு போட்டியாக மாறிவிடலாம். ஆனால் 2021இல் இவர்கள் செய்ததைக் கவனியுங்கள். எலியட் நினைவாக ஆராதனைக் கூடமான சாப்பலில் பல பத்தாண்டுகளாக இருந்த கல்வெட்டு, அவரைக் கொன்றவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொன்னது. அதைக் கழற்றிவிட்டு வாசகத்தைத் திருத்தி எழுத முடிவுசெய்தார்கள். தங்கள் மிகப்பெரிய சாட்சியின் கதையையே மறுபடி எழுதத் துணிந்த இடம் இது.

அதே வீட்டனிலிருந்து வந்த இரண்டு பேரை அருகருகே வைத்துப் பாருங்கள். 1986இல் படித்து முடித்த மைக்கேல் கெர்சன், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் உரைகளை எழுதினார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் மருந்து கொண்டுபோய்ச் சேர்த்த பெப்ஃபார் திட்டத்துக்காக 2003 வாக்கில் வெள்ளை மாளிகைக்குள் விடாமல் வாதாடினார். 1998இல் முடித்த ரஸ்ஸல் வாட், டிரம்பின் பட்ஜெட் இயக்குநர். 2025இல் அவருடைய அலுவலகம் கொண்டுவந்த வெட்டுப் பட்டியலில் பெப்ஃபாரின் 40 கோடி டாலரும் இருந்தது. செனட் அதை மட்டும் நீக்கிவிட்டது. ஒரே சாப்பல், ஒரே உடன்படிக்கை, ஒரே பாடத்திட்டம். ஆக, கல்லூரி அச்சில் வார்த்து அனுப்பும் என்று எதிர்பார்ப்பது வீண். வாட் பதவியேற்றபோது கல்லூரி வாழ்த்திப் பதிவு போட்டது, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டது, எடுத்ததற்கும் எதிர்ப்பு வந்தது. பழைய மாணவர்கள் இரு பக்கமும் கடிதம் எழுதினார்கள். நிர்வாகத்தின் தடுமாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கடிதங்கள் பிடித்தன.

வீட்டனுக்கும் எல்லை உண்டு. 2015 டிசம்பரில் அரசியல் பேராசிரியை லரீசியா ஹாக்கின்ஸ், இஸ்லாமியருக்கு ஆதரவாக ஹிஜாப் அணிந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் இருவரும் ஒரே தேவனையே வணங்குகிறோம் என்று எழுதினார். நிர்வாகம் அவரை விடுப்பில் வைத்தது. இரண்டு மாதத்தில் இரு தரப்பும் பிரிந்தன. வீட்டனில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். பேட்ரிக் ஹென்றியின் 2006ஐ நினைத்து முகம் சுளிப்பவர்கள் இதையும் அதே தராசில்தான் வைக்க வேண்டும்.

பண விஷயம் சுருக்கமாக. பேட்ரிக் ஹென்றி மத்திய அரசின் பணத்தைத் தொடுவதில்லை. அதனால் மத்திய உதவித்தொகையும் மாணவர் கடனும் அங்கே கிடையாது. மற்ற இரண்டிலும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு லிபர்ட்டியின் ஆன்லைன்தான் நடக்கிற காரியம்.

என் தேர்வைக் கேட்டால், இன்னும் எதற்கு என்று தெளிவில்லாத பிள்ளைக்கு வீட்டன். அங்கே அழைப்பு என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க ஆசிரியருக்கும் நேரம் இருக்கிறது, பழைய மாணவர்களிடம் எதிரெதிர் உதாரணங்களும் இருக்கின்றன. சட்டத்தில் நிஜமான தாகமும், விட்டுக்கொடுக்காமல் வாதாடும் வாயும் இருக்கிற பிள்ளைக்குப் பேட்ரிக் ஹென்றியை மறுக்க மாட்டேன். விமானியாகவோ நர்ஸாகவோ போக முடிவுசெய்த பிள்ளை லிபர்ட்டி போகலாம், ஆனால் அந்த அபராதத்துக்குப் பிறகு என்னென்ன மாற்றினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, பின்னோக்கி நடந்தபடியே கட்டடங்களைக் காட்டும் வழிகாட்டி மாணவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையைத் தனியாக உணவுக்கூடத்துக்குள் அனுப்புங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் பக்கத்தில் தட்டோடு உட்காரட்டும். "இங்கே வந்தபோது என்னவாக வேண்டும் என்று இருந்தீர்கள், இப்போது என்ன?" என்று கேட்கட்டும். பிறகு, "உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யாராவது போயிருக்கிறார்களா? ஏன் போனார்?" அந்த மாணவர் சாதாரணக் குரலில் பதில் சொல்கிறாரா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா என்பதை மட்டும் பிள்ளை கவனித்துவிட்டு வரட்டும்.