இரண்டு ஏர்பேக் உள்ள பழைய செடானா, ஒரு ஏர்பேக் உள்ள 2020 சின்ன காரா?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர் முன்னால் வழக்கமாக இரண்டு வண்டி வந்து நிற்கும். ஒன்று, பெங்களூரில் ஓடி ஓசூர் வழியாக வந்த 2011, 2012 செடான்: டாப் மாடல், இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). மற்றது, அதே பட்ஜெட்டில் உள்ளூர் நம்பரோடு 2020 சின்ன கார். ஏபிஎஸ் உண்டு, ஏர்பேக் டிரைவருக்கு மட்டும். "ரெண்டு ஏர்பேக்ண்ணா, கனமான வண்டி" என்று புரோக்கர் செடானைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்.

வயதானாலே ஏர்பேக் விரியாது என்பது பொதுவாக உண்மையில்லை. கெடுவது அதைச் சுற்றியிருப்பவை. ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்தால் டிரைவர் ஏர்பேக்குக்கு மின்சாரம் போகாது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.

செடானுக்கு இன்னொரு கண்டம், ஏர்பேக் செய்த டகாட்டா கம்பெனி. அந்தக் கம்பெனி ஏர்பேக்கில் வைத்த அம்மோனியம் நைட்ரேட் மருந்து, வருஷக்கணக்கில் வெயிலிலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. பல கார் கம்பெனிகள் இந்தியாவிலும் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. சேஸிஸ் நம்பரை சர்வீஸ் சென்டரில் கொடுத்து, ரீகால் பாக்கி உண்டா என்று கேட்காமல் அட்வான்ஸ் தராதீர்கள்.

சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானாகச் சுருள வேண்டும். ஓரம் நூல் பிரிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது பிரேக்குக்குத்தான். தர்மபுரியிலிருந்து சேலம் போக தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டுமே. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஆயில் கொதிக்கும், பெடல் பொதுக்கென்று உள்ளே போகும். அப்போது ஏபிஎஸ் இருந்தும் பயனில்லை. ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம், செலவும் குறைவு. செடானில் ரப்பர் ஹோஸ்களும் பழசாகியிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, எது? சின்ன கார்தான் என்பேன். 2019 அக்டோபரிலிருந்து எல்லா மாடலுக்கும் மோதல் சோதனை விதி கட்டாயம்; செடான் வந்த காலத்தில் அந்த விதி இல்லை. ஆனால் பக்கத்தில் உட்காருபவருக்கு ஏர்பேக் இல்லாதது உண்மையான குறைதான். தினமும் மனைவியோ அம்மாவோ அங்கே உட்காருவார்கள் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, கொஞ்சம் கூடப் போட்டு 2022 மாடலாகப் பாருங்கள். அதற்குள் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது.