சொங் காசா, சிங் காசா? சதுரத்துளை நாணயம் சேர்க்கத் தொடங்குபவருக்கு

நடுவில் சதுரத் துளை, சுற்றி எழுத்து. சீனர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இந்த வடிவத்தை விடவில்லை. ஐரோப்பியர் அதற்கு வைத்த 'கேஷ்' என்ற பெயர் நம் 'காசு' போர்த்துகீசியர் வாய்வழி போய்த் திரும்பியதுதான். அதனால் இங்கே காசு என்றே சொல்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் கண்ணில் முதலில் படுவது 1914-இல் சீனக் குடியரசு அதிபர் யுவான் ஷிகாயின் முகத்தோடு வந்த வெள்ளி டாலர். 39 மில்லிமீட்டர், 26.8 கிராம், 89 சதவீத வெள்ளி. சீன நாணயங்களில் அதிகம் போலியடிக்கப்படுபவற்றில் அதுவும் ஒன்று. முதல் வருடம் பக்கத்தில் போகாதீர்கள். பழைய தாள் பணம் என்றால் 1375-இல் வந்த மிங் அரசின் ஒரு குவான் (ஆயிரம் காசு) நோட்டு, முசுக்கட்டைப் பட்டைத் தாளில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டருக்கு 22. அது அருங்காட்சியகச் சமாச்சாரம். ஆக, கைக்கு எட்டுவது இரண்டு: வடக்குச் சொங் வம்சத்துக் காசு (960–1127), சிங் வம்சத்துக் காசு (1644–1911). இரண்டிலும் சாதாரண ரகம் மலிவு, ஏராளமாகக் கிடைக்கும். சேர்க்கும் அனுபவம்தான் அடியோடு வேறு.

பெரும்பாலோர் சிங்கைத்தான் கைகாட்டுவார்கள். காரணம், படிக்க எளிது: மேல், கீழ், வலம், இடம் என்ற ஒரே வரிசை, ஒரே எழுத்து முறை. பத்துப் பேரரசர், பத்து ஆட்சிப் பெயர் (தம் ஆட்சிக்காலத்துக்குப் பேரரசர் சூட்டும் பெயர்; அதுவே காசிலும் வரும்). பேரரசர் சியான்லோங் அறுபது வருடம் ஆண்டார், காசில் பெயர் மாறவே இல்லை. சொங் அப்படியில்லை. பேரரசர் ரென்சோங் ஒருவரே ஒன்பது முறை ஆட்சிப் பெயரை மாற்றினார். பெயர் மாறும்போதெல்லாம் காசும் மாறும் என்பது பொது வழக்கம். படிக்கும் வரிசையும் இரண்டு. சிலவற்றில் மேல்-கீழ்-வலம்-இடம், பலவற்றில் கடிகார முள் போல மேலிருந்து வலம் சுற்றி வர வேண்டும்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. யுவான்ஃபெங் (1078), யுவான்யோ (1086), யுவான்ஃபு (1098) என்ற ஆட்சிப் பெயர்க் காசுகள் மூன்றிலும் மேலே ஒரே எழுத்து, கீழும் இடமும் அதே 'டோங்பாவ்' (புழங்கும் பணம்). வேறுபாடு வலப்பக்க எழுத்தில் மட்டும். ஃபெங் என்பது கால் வைத்த தட்டில் கதிரைக் குவித்து வைத்த மாதிரி, இரு பக்கமும் சமமாக நிற்கும். யோ இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். ஃபு தலையில் இரட்டை மூங்கில் இலை. இந்த மூன்றையும் லென்ஸ் வைக்காமல் பிரிக்கத் தெரிந்துவிட்டால் சொங் பாதி கைவந்த மாதிரி.

அந்தச் சிரமத்துக்குக் கிடைக்கும் கூலி எழுத்தழகு. 990-இல் சுன்ஹுவா காசுக்குப் பேரரசர் டைசோங் தாமே மூன்று வகையில் எழுதிக் கொடுத்தார்: நேரெழுத்து, ஓட்டெழுத்து, அதிவேகப் புல்லெழுத்து. பிறகு ஒரே காசை முத்திரை எழுத்தில் ஒன்றும் வேறு எழுத்தில் ஒன்றுமாக வார்க்கும் வழக்கம் வந்தது. அளவு, துளை, விளிம்பின் அகலம், எழுத்து நிற்கும் இடம் எல்லாம் ஒத்துப்போனால் அது 'ஜோடிக் காசு'. குவியலுக்குள் ஒரு ஜோடியைப் பொறுக்கி எடுப்பதில் உள்ள சுகம் சிங்கில் கிடையாது. பேரரசர் ஹுய்சோங்கின் கையெழுத்தில் வந்த சோங்னிங் பத்துக்காசை (பத்துச் சிறுகாசு மதிப்புள்ளது) பாருங்கள்: 34, 35 மில்லிமீட்டர் வட்டத்தில் கம்பி போல மெலிந்த கோடுகள், முனையில் மட்டும் கத்திவீச்சு. சிங் காசின் முகப்பு அதன் பக்கத்தில் அரசாங்க ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருக்கும்.

சிங்கின் சரக்கு பின்புறத்தில். துளைக்கு இடப்பக்கம், சிங் அரசர்களின் சொந்த மொழியான மஞ்சுவின் எழுத்தில் 'பாவ்' (பணம்), வலப்பக்கம் வார்ப்புச்சாலையின் பெயர். பெய்ஜிங்கில் மட்டும் இரண்டு சாலைகள்: வருவாய் வாரியத்தின் பாவ்சுவான், பணி வாரியத்தின் பாவ்யுவான். மற்றவை மாகாணங்களில். ஒரே சியான்லோங் காசை சாலைவாரியாக அடுக்கினாலே பேரரசின் வரைபடம் மேசையில் விரியும். காங்சி காலத்தில் சில சாலைகள் வலப்பக்கம் சீன எழுத்திலேயே பெயர் போட்டன. இருபது சாலைகளின் எழுத்தை ஐந்தைந்தாகக் கோத்து நாலு வரிப் பாட்டாகவே வைத்திருக்கிறார்கள். அந்த இருபதையும் முழுசாகச் சேர்ப்பது தனி வேட்டை. தைவான் எழுத்துள்ளது வரும்போது பர்ஸ் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும்.

இனி உலோகம். உண்மையான வித்தியாசமும் போலியைப் பிடிக்கும் வழியும் இங்கேதான். சொங் காசு ஈயம் மிகுந்த வெண்கலம். அரச வரலாற்றில் உள்ள கணக்கு: ஆயிரம் காசுக்குச் செம்பு 3 சின் 10 லியாங், ஈயம் 1 சின் 8 லியாங், வெள்ளீயம் 8 லியாங். ஒரு சின்னுக்கு 16 லியாங். போட்டது 5 சின் 10 லியாங், வந்த காசு 5 சின். மீதி உலையில் போனது. செம்பு 64 சதவீதம், ஈயம் 27, வெள்ளீயம் 9. சிங் காசோ பித்தளை. 1740-இல் சியான்லோங் அரசு நூறு பங்கில் செம்பு 50, துத்தநாகம் 41.5, ஈயம் 6.5, வெள்ளீயம் 2 என்று மாற்றியது. அந்த இரண்டு பங்கு வெள்ளீயம் சும்மா இல்லை. காசை உருக்கிப் பாத்திரம் அடித்து விற்றவர்கள் அதிகமானார்கள். வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் சுத்தியலுக்குப் பிளந்துவிடும் என்பது கணக்கு.

ஆகவே வயதாகும் விதமும் வேறு. சொங் காசு பெரும்பாலும் புதையலிலிருந்து வருவது. அசல் களிம்பு அடுக்கடுக்காக இருக்கும்: உலோகத்தை ஒட்டிச் செம்பழுப்பு, மேலே பச்சை, ஊசியால் கீறினாலும் லேசில் உதிராது. போலியில் பச்சை ஒரே பூச்சு. அசிட்டோனில் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், வெந்நீரில் போட்டால் ரசாயன வாடை வரும். சிங் காசு பலதும் கைமாறியே தேய்ந்தது, மஞ்சள் கலந்த பழுப்பு. அங்கே ஒரு பொறி: ஈரத்தில் கிடந்தால் துத்தநாகம் கழன்று மேலே செம்பு மட்டும் சிவப்பாக நிற்கும். அதை, சீனாவின் மேற்கு எல்லைப் பகுதியான சின்ஜியாங்கின் 'சிவப்புக் காசு' என்று விலையேற்றி விற்பார்கள். அசல் சின்ஜியாங் காசு முழுக்கச் செம்பு, பள்ளத்துக்குள்ளும் அதே நிறம். பின்புறம் பெரும்பாலும் 'பாவ்' இருக்காது. ஆக்சு, யார்கண்ட் போன்ற ஊர்ப் பெயர் ஒரு பக்கம் மஞ்சுவில், மறுபக்கம் அரபு எழுத்தில் எழுதிய துருக்கிய மொழியில் இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவான சோதனைக்கு 0.01 கிராம் காட்டும் தராசும் வெர்னியர் காலிப்பரும் போதும். சொங் சிறுகாசு 24, 25 மில்லிமீட்டர், 3.5 முதல் 4 கிராம். சிங் காசின் சட்ட எடை நெடுங்காலம் 1 சியான் 2 ஃபென், அதாவது ஏறக்குறைய 4.5 கிராம், பிற்காலத்தில் இது வெகுவாக இறங்கியது. அசல் காசையே தாயாக மணலில் அழுத்தி வார்த்த போலி, உலோகம் குளிர்ந்து சுருங்குவதால் அசலைவிட அரை மில்லிமீட்டர் வரை சிறுத்திருக்கும், எழுத்தோரமும் மழுங்கும். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அந்நாளில் சதுரக் கம்பியில் காசுகளைக் கோத்து, சுழலாமல் நிறுத்தி, விளிம்பை மொத்தமாக அரம் போட்டார்கள். அந்தக் கீறல் ஒரே திசையில் ஓடும். புதுக் கிரைண்டர் தடம் அப்படி ஓடாது.

கலப்படம் என்றால் போலி மட்டுமல்ல. 1659 முதல் நாகசாகியில் வெளிநாட்டு வணிகத்துக்கென்றே யுவான்ஃபெங் பெயரில் காசு வார்த்தார்கள்; அது மெலிசு, எழுத்து வேறு கை. சிங் குவியலில் ஜப்பானின் கன்எய் காசும் வியட்நாமின் கான் ஹூங் காசும் தவறாமல் கலந்திருக்கும்.

பணவரலாறு படிக்க வேண்டும் என்பவருக்கு? இரண்டிலும் அதே நோய்: உள்ளே இருக்கும் உலோகத்தை மீறிய மதிப்பைப் பணத்தில் போடுவது. சொங் 1080 வாக்கில் வருடம் 50 லட்சம் சரத்துக்கு மேல் செம்புக்காசு வார்த்தது, ஒரு சரம் பெயரளவில் ஆயிரம். சிச்சுவானில் ஓடிய இரும்புக் காசின் பாரம் தாங்காமல்தான் தாள் பிறந்தது: 1024-இல் அரசு வெளியிட்ட ஜியாவ்ஸி 12,56,340 சரம், அதற்கு ஈடாக வைத்த இருப்பு 3,60,000 சரம் இரும்புக் காசு. ஹுய்சோங் காலத்துப் பத்துக்காசில் மூன்று சிறுகாசின் உலோகம்தான் இருந்தது. கள்ள வார்ப்பு பெருகாமல் என்ன செய்யும்? சிங்கில் இதே கூத்து 1853-இல். தைப்பிங் கலகத்தால் யுன்னான் செம்பு வரவில்லை, சியன்ஃபெங் அரசு ஆயிரம் மதிப்புக் காசு வரை போட்டது. எடை 2 லியாங், 75 கிராம், அதாவது பதினேழு சிறுகாசின் உலோகம். அடுத்த வருடமே ஐந்நூறும் ஆயிரமும் நிறுத்தப்பட்டன. இந்தப் பகுதியில் சிங் ஒரு படி மேல்: வீழ்ச்சியை எடை எடையாகத் தராசில் பார்க்கலாம். ஆனால் சியன்ஃபெங் பெருங்காசில் போலி மலிந்திருக்கிறது. பத்துக்காசோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு சொங்குக்கு. முதல் இருபது காசையும் அதிலேயே வாங்குங்கள், அதில் மூன்று ஜோடியாவது இருக்கட்டும். சிங்கில் ஐந்தாறு சாலைகள் போதும். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. தஞ்சைப் பகுதியில் விக்கிரமம், தாலிக்கோட்டை, ஒலயகுன்னத்திலும் இலங்கையில் யாப்பகுவாவிலும் கிடைத்த சீனக் காசுகளில் சொங் முக்கிய இடம் பிடிக்கிறது. மண்ணில் உங்களுக்கே அகப்பட்டால் அது சேகரிப்புக்கு அல்ல, கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டிய புதையல்.

வாங்கியதைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வீட்டுப் பித்தளைக்குச் சரி, ஆயிரம் வருடக் களிம்பு ஒரே தேய்ப்பில் போய்விடும். வெளிர்பச்சை மாவு போலப் பூத்தால் அது உலோகத்தை அரிக்கும் குளோரைடு; சென்னை மாதிரிக் கடற்கரை ஈரத்தில் வேகமாகப் பரவும். அந்தக் காசைத் தனியே எடுத்து, வாலைவடிநீரில் ஊறவைத்து, நீரைச் சில நாளுக்கொருமுறை மாற்றி, வாரக்கணக்கில் விட்டு, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அதுவே பச்சைப் பிசுக்கைக் கக்கும். மைலார் ஒட்டிய அட்டைச் சட்டம் நல்லது.