இஜிஆர், எல்என்டி, எஸ்சிஆர்: டீசல் புகைக்கு எந்தக் கடிவாளம்?

புது டீசல் கார் ஒன்றின் புகைக்குழாய்க்குள், வண்டி நன்றாக ஆறிய பிறகு, வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் லேசான சாம்பல் நிறம் ஒட்டும், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய டீசல் காரில் இதைச் செய்தால் அந்தத் துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வித்தியாசத்துக்குக் காரணம் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி. அது வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இன்று இடமில்லை. போட்டியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கழிவில்தான்: நைட்ரஜன் ஆக்சைடுகள். அவற்றை அடக்க மூன்று வழிகள் உண்டு: புகையைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர், பொறி வைத்துப் பிடிக்கும் எல்என்டி, யூரியாக் கரைசலைத் தெளித்து உடைக்கும் எஸ்சிஆர். சான்றிதழில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். வண்டியை வைத்துக் காலந்தள்ளும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும்.

டீசல் இன்ஜினின் கதை மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போலத்தான். உள்ளே நன்றாகச் சூடாக, தாராளமான காற்றோடு எரிந்தால் கரி குறையும், மைலேஜும் கூடும். ஆனால் அந்தச் சூட்டில், சும்மா கிடந்த நைட்ரஜன் ஆக்சிஜனோடு கைகோத்துவிடும். சூட்டைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி எகிறும். பெட்ரோல் காருக்கு இந்த அளவு அவஸ்தை இல்லை. அதன் புகையில் ஆக்சிஜன் அநேகமாக மிஞ்சாது. அதனால் அங்கே இருக்கும் வினையூக்கி, கார்பன் மோனாக்சைடை வைத்தே நைட்ரஜன் ஆக்சைடை உடைத்துவிடுகிறது. டீசல் புகையில் ஆக்சிஜன் எப்போதும் மிச்சம் இருக்கும். கார்பன் மோனாக்சைடு அதோடு போய்ச் சேர்ந்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடு தொட ஆளில்லாமல் வெளியே வந்துவிடும்.

ஐரோப்பிய விதிகள் இறுகிய வேகத்தைப் பார்த்தால் கார் கம்பெனிகளின் திண்டாட்டம் புரியும். 2000-ல் வந்த யூரோ 3, டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 500 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை விட்டுக்கொடுத்தது. யூரோ 4-ல் அது 250. யூரோ 5-ல் 180. யூரோ 6-ல் 80. முதல் இரண்டு படிகளை இஜிஆரை வைத்தே தாண்டிவிட்டார்கள். கடைசிப் படியில்தான் மற்ற இரண்டும் மேடைக்கு வந்தன.

மூன்றையும் ஒப்பிட என்னிடம் இருப்பது ஒரே கேள்வி: சுத்தம் செய்யும் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள்? இஜிஆர் அதை இன்ஜின் தலையில் கட்டுகிறது. எல்என்டி டீசல் டேங்கிலிருந்து எடுக்கிறது. எஸ்சிஆர் அதற்கென்றே தனி டேங்க் வைத்துக்கொள்கிறது.

இஜிஆர்: சொந்தப் புகையைத் தானே குடிப்பது

வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புவதுதான் இஜிஆர். லேசான ஓட்டத்தில் உள்ளே போகும் காற்றில் பாதி வரைகூட இந்தப் பழைய புகையாக இருக்கலாம். ஆக்சிஜன் குறைகிறது. புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. எரிதலின் உச்சச் சூடு இறங்க, நைட்ரஜன் ஆக்சைடு பிறப்பதே குறைகிறது. வந்த பிறகு துடைப்பதைவிட வராமல் தடுப்பது நல்லது என்ற கணக்கில் இதற்கு முதல் மதிப்பெண் தரலாம். ஊற்றித் தீர வேண்டிய திரவம் கிடையாது, விலையுயர்ந்த உலோகம் கிடையாது. ஒரு வால்வு, ஒரு கூலர், சில குழாய்கள், அவ்வளவுதான்.

ஆனால் கரியைத் திருப்பி மூக்குக்குள் விட்டால் என்ன ஆகும்? ஒருமுறை நண்பரின் காரில், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றிருந்தேன். கட்டைவிரல் தாராளமாகப் போக வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, பாதி இறுகிய தார் மாதிரி சுற்றுச்சுவர் முழுக்க அப்பியிருந்தது. “இது இன்ஜினா, விறகு அடுப்பா?” என்று மெக்கானிக் கேட்டதற்கு நண்பரிடம் பதில் இல்லை. தினமும் சந்தைக்குப் போய் வருவதைத் தவிர அந்த வண்டிக்கு வேறு ஓட்டமே கிடையாது.

இதற்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பழைய முறையில் டர்போவுக்கு முன்னாலேயே புகையை எடுப்பார்கள், கரியோடு. புதிய குறை அழுத்த முறையில் டிபிஎஃபுக்குப் பின்னால், வடிகட்டிய புகையை எடுக்கிறார்கள். அடைசல் நன்றாகவே குறைகிறது. பல கார்களில் இரண்டு வழியும் சேர்ந்தே இருக்கின்றன. இன்ஜின் சூடேறும் வரை முதல் வழி, அப்புறம் இரண்டாவது.

இஜிஆரின் அடிப்படைக் குறை வேறு. மேட்டில் முழு விசையில் ஏறும்போது இன்ஜினுக்கு ஆக்சிஜன் வேண்டும், எனவே இஜிஆரை ஒடுக்கியாக வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் பிறப்பதும் அப்போதுதான். தேவைப்படும் நேரத்தில் காவல்காரர் விடுப்பில் போவது போல.

இஜிஆரை மட்டும் வைத்துக் கரையேறப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்க லாரி நிறுவனமான நாவிஸ்டார், 2010-க்கான கனரக லாரி விதியை யூரியா இல்லாமலே சமாளிப்போம் என்று பிடிவாதமாக நின்றது. 2012-ல் அதைக் கைவிட்டு எஸ்சிஆருக்கு மாறியது. மாஸ்டா வேறு பாதையில் போய் ஜெயித்தது: அதே 2012-ல் வந்த ஸ்கைஆக்டிவ் டீசல் இன்ஜினில் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குவது என்பதை, 14-க்கு 1 என்று, டீசலுக்கு வழக்கமில்லாத அளவு இறக்கி, தனி நைட்ரஜன் ஆக்சைடு வினையூக்கி எதுவும் இல்லாமலே யூரோ 6 வாங்கிக் காட்டியது. எனக்கு அந்த வேலையில் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் அது அன்றைய ஆய்வகச் சோதனைக்கான யூரோ 6 என்பதை மறக்கக் கூடாது.

எல்என்டி: சேர்த்து வைத்து மொத்தமாக எரிப்பது

எல்என்டி ஒரு பொறி. அதில் பூசியிருக்கும் பேரியம் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து நைட்ரேட்டாக வைத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பொறி நிறைந்ததும், இன்ஜின் சில நொடிகளுக்கு வேண்டுமென்றே டீசலைக் கூட்டி ஆக்சிஜனைப் பற்றாக்குறையாக்குகிறது. அந்த இடைவெளியில் நைட்ரேட் கழன்று, பிளாட்டினமும் ரோடியமும் துணை நிற்க, வெறும் நைட்ரஜனாக வெளியே போகிறது. நாலைந்து நொடிக்குப் பெட்ரோல் கார் வேஷம் போட்டுக்கொள்கிறது என்று சொல்லலாம். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

இதன் பலம் குளிர்ந்த வண்டி. 150 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே ஓரளவு பிடிக்கத் தொடங்கிவிடும். தனி டேங்க், பம்ப், சூடேற்றி எதுவும் வேண்டாம் என்பதால் சின்னக் காரின் அடியில் இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்ஜின் பெரிதாகப் பெரிதாக விலைமிக்க உலோகமும் கூட வேண்டியிருப்பதால் பெரிய காரில் இந்தக் கணக்கு உதைக்கும்.

இடர்ப்பாடுகள் மூன்று. நெடுஞ்சாலை வேகத்தில் புகை 450 டிகிரியைத் தாண்டினால் நைட்ரேட் பிடிமானம் தளர்ந்துவிடும். அந்த வேகத்தில் வந்து குவியும் அளவும் பொறிக்குத் தாங்காது. இரண்டாவது, டீசலில் மிஞ்சியிருக்கும் கந்தகம். பேரியத்துக்கு நைட்ரேட்டைவிடக் கந்தகத்தின் மேல் பாசம் அதிகம். ஒருமுறை பிடித்தால் விடாது. அதைக் கழற்ற அவ்வப்போது 600 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும், அந்தச் சூடே வினையூக்கியை மெல்ல மெல்லக் கிழடாக்கும். மூன்றாவது, அடிக்கடி கூட்டி விடும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அது டீசல்.

எஸ்சிஆர்: தனி டேங்க், தனிச் செலவு, தனி ஆட்டம்

எஸ்சிஆர் முறையில் இன்ஜினை அதன் போக்கில் விட்டுவிட்டு, புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். சூட்டில் யூரியா அம்மோனியாவாகிறது. அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, இரண்டும் நைட்ரஜனும் தண்ணீருமாகப் பிரிகின்றன. சூடேறிய நிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிடும். மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆட்ப்ளூ என்றும் டிஇஎஃப் என்றும் விற்கும் அந்தத் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். ஏன் இந்த விசித்திர எண் என்று கேட்டால், அந்த விகிதத்தில்தான் உறைநிலை மிகக் குறைவு: மைனஸ் 11 டிகிரி. கூட்டினாலும் குறைத்தாலும் அதற்கு முன்பே உறையத் தொடங்கும். கடும் குளிரில் எப்படியும் உறையும் என்பதால் டேங்கிலேயே சூடேற்றி இருக்கிறது. பல கார்களில் வண்டியை நிறுத்திய பிறகு பின்பக்கம் சில நொடிகள் ஒரு முனகல் கேட்கும். குழாயில் உறைந்து வெடிக்காமல் இருக்க, மிச்சத் திரவத்தை டேங்குக்கே இழுத்துக்கொள்ளும் பம்பின் சத்தம் அது. பயந்து சர்வீஸுக்கு ஓட வேண்டாம்.

கார்களில் பொதுவாக 1,000 கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் செலவாகும். இதை மிச்சம் பிடிக்க வயலுக்குப் போடும் யூரியாவை வாங்கிக் கரைத்து ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள பையூரெட் என்கிற கலப்புப் பொருளும் உலோகத் துணுக்குகளும் தெளிப்பானை அடைத்து, வினையூக்கியையும் கெடுத்துவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூடி மாறி டீசல் டேங்கில் இதை ஊற்றிவிட்டால் இன்னும் மோசம். அப்படி நடந்தால் சாவியைத் திருப்பவே கூடாது, திருப்பினால் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வரை செலவு போய் நிற்கும்.

எஸ்சிஆரின் பலவீனம், எல்என்டியின் பலம் இருக்கும் அதே இடத்தில். புகை ஏறக்குறைய 200 டிகிரியைத் தொடாமல் யூரியாவைத் தெளித்தால் அது அம்மோனியாவாகாமல் வெள்ளைக் கட்டியாகப் படியும். எனவே கட்டுப்பாட்டுக் கணினி காத்திருக்கும். காலையில் கிளப்பி மூன்று கிலோமீட்டரில் நிறுத்திவிட்டால் அன்றைக்கு எஸ்சிஆர் கிட்டத்தட்ட வேலையே செய்திருக்காது. அதனால்தான் புதிய கார்களில் வினையூக்கியை இன்ஜினை ஒட்டியே வைக்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் 2019 முதல் சில மாடல்களில் இன்ஜின் அருகே ஒன்று, காரின் அடியில் ஒன்று என்று இரண்டு எஸ்சிஆர், இரண்டு தெளிப்பான்கள் வைத்தது: முதலாவது சீக்கிரம் சூடாகும், இரண்டாவது நெடுஞ்சாலைச் சூட்டிலும் தாங்கும்.

எதிரெதிரே நிறுத்தினால்

மைலேஜில் எஸ்சிஆருக்குத்தான் ஓட்டு. பின்னால் துப்புரவுக்கு ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் இன்ஜினை நன்றாகச் சூடாக, சிக்கனமாக எரிய விடலாம்; கரியும் குறைவதால் டிபிஎஃபும் மெதுவாகத்தான் நிறையும். எல்என்டி ஒவ்வொரு சுத்திகரிப்புக்கும் டீசலைக் கடித்துக்கொள்ளும். வாங்கும் விலையில் இஜிஆர் மலிவு, எஸ்சிஆர் உச்சம். பழுதுச் செலவில் தலைகீழாகவும் ஆகலாம்: எஸ்சிஆரில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார், பம்ப், சூடேற்றி என்று கெட்டுப்போகப் பொருள்கள் அதிகம், ஆனால் தனித்தனியாக மாற்றலாம். எல்என்டி கெட்டால் முழுசாகப் போகும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாததும் எஸ்சிஆர்தான். யூரோ 6 கார்களில் யூரியா தீர்வதற்குப் பல நூறு கிலோமீட்டருக்கு முன்பே எச்சரிக்கை வரும். அலட்சியம் செய்து காலியாக்கி வண்டியை நிறுத்திவிட்டால், மறுபடி கிளம்பாது.

இந்த ஒப்பீட்டைச் சாலையில் நேரடியாகச் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் மூன்று டீசல் கார்களில் அளவுக் கருவியைக் கட்டி ஓட்டினார்கள், 2014-ல் முடிவு வந்தது. எல்என்டி வைத்த ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா அமெரிக்க வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு கக்கியது. எஸ்சிஆர் வைத்த, அதே கம்பெனியின் பசாட் 5 முதல் 20 மடங்கு. அதே எஸ்சிஆர் வைத்த பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. மறு வருடம் செப்டம்பரில், சோதனையின்போது மட்டும் புகையை ஒழுங்காக அடக்கும் ஃபோக்ஸ்வேகனின் மென்பொருள் மோசடி வெளிப்பட்டது. உலகம் முழுக்க ஏறக்குறைய 1.1 கோடி கார்களில் அது இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. என்ன கருவி இருக்கிறது என்பதைவிட, அதை வேலை செய்ய விடுகிறார்களா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பசாட்டையும் எக்ஸ்5-ஐயும் பக்கத்தில் வைத்தால் தெரியும். 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் புதிய மாடல்களுக்குச் சாலைச் சோதனை கட்டாயமானதும், எஸ்சிஆர் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது.

சரி, வாங்குவது எது? மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் நீண்ட ஓட்டம் என்றால் யோசிக்காமல் எஸ்சிஆர். யூரியா ஊற்றும் சள்ளையைப் பழைய காலத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய பழக்கமாக நினைத்துக்கொள்ளலாம். சின்ன இன்ஜின், ஊரும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டம் என்றால் எல்என்டி மோசமில்லை, ஆயில் மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் மூன்றுமே வேண்டாம், பெட்ரோல் பக்கம் போய்விடுங்கள். அப்படி ஓட்டினால் டிபிஎஃபில் சேரும் கரியை எரிக்கத் தேவையான 600 டிகிரிச் சூடு பத்துப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து கிடைக்கவே கிடைக்காது. எஸ்சிஆர் வினையூக்கி குளிர்ந்தே கிடக்க, இஜிஆரில் தார் ஏறும்.

பழைய எஸ்சிஆர் கார் பார்க்கப் போனால் முதலில் யூரியா டேங்கின் நீல மூடியைத் திறந்து பாருங்கள். வாயைச் சுற்றி லேசாக வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது ஊற்றும்போது சிந்தியது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அதே வெள்ளைக் கட்டி காருக்கு அடியில் தெளிப்பானைச் சுற்றி இறுகியிருந்தால், விலை பேசுவதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டி வாருங்கள்.