எம்ஜிபி காருக்கு மாற்று சைலன்சர்: நீண்ட நாள் ஓட்டத்தில் எது தாக்குப்பிடிக்கிறது

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்றும் சைலன்சர் செட் தாராளமாகக் கிடைக்கிறது. தேர்வு குழம்புவதும் அதனால்தான்: சாதா இரும்பு, அலுமினியம் பூசிய இரும்பு, ஸ்டெயின்லெஸ், பெரிய விட்டம், ஒற்றைப் பெட்டி, இரட்டைப் பெட்டி. எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 1798 சிசி வண்டிக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான். கம்பெனியில் வந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை (எஞ்சின் புகையை ஒன்றுசேர்த்து வெளியே அனுப்பும் பகுதி) அப்படியே வைத்துக்கொண்டு, 1¾ அங்குலக் குழாயும் இரண்டு பெட்டிகளும் உள்ள ஸ்டெயின்லெஸ் செட்டை மாட்டுங்கள். சத்தம், ஆயுள், பெட்ரோல் எதில் பார்த்தாலும் இதுவே நிற்கிறது.

ஆர்டர் கொடுக்கும்போது ஆண்டை மட்டும் சொல்லாதீர்கள். 1975-லிருந்து அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் இரட்டை எஸ்யு கார்புரேட்டருக்குப் பதில் ஒற்றை ஸெனித்-ஸ்ட்ராம்பர்க் இருந்தது. அவற்றில் மேனிஃபோல்டும் டவுன்பைப்பும் (மேனிஃபோல்டிலிருந்து கீழிறங்கும் குழாய்) வேறு. இதன் உடன்பிறப்புகளான ஆறு சிலிண்டர் எம்ஜிசிக்கும் 3528 சிசி ஜிடி வி8-க்கும் சாதா எம்ஜிபி செட் பொருந்தவே பொருந்தாது. மேனிஃபோல்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிக் கேட்பதே பாதுகாப்பு.

சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் பனியைக் கரைக்க பிரிட்டிஷ் சாலைகளில் கொட்டும் உப்பு வெளிப்பக்கத்தை அரிப்பது உண்மைதான். ஆனால் பெரிய சேதம் உள்ளே நடக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். எஞ்சினிலிருந்து மிகத் தள்ளி, குளிர்ந்தே கிடக்கும் பின்பெட்டியில் அது நீராகத் தேங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டைத் தின்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியைவிட, கடைவீதி வரை போய்த் திரும்பும் வண்டியின் பின்பெட்டி முதலில் ஓட்டையாவதற்குக் காரணம் இதுதான். விலை குறைந்த சாதா இரும்புச் செட், வருடத்துக்கு நாலைந்து தடவை மட்டும் வெளியே வரும் வண்டியில் ஏமாற்றுவது இதனால்தான்.

ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தால் எந்த ரகம் என்று கேளுங்கள். 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். சாதா இரும்பைவிட எவ்வளவோ மேல் என்றாலும் வெளிப்பக்கம் பழுப்பேறும். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. பல வருடம் கழித்தும் பொன்னிறமாக மாறுமே தவிர, செதில் செதிலாக உதிராது. காந்தம் 409-ல் கெட்டியாக ஒட்டும். 304-ன் நேரான பகுதியில் ஒட்டாது. வளைத்த இடத்தில் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், வளைக்கும்போது உலோகம் அப்படி மாறுவதுண்டு. குழாய், பெட்டியின் வெளித்தகடு, உள்தகடு மூன்றும் ஒரே ரகமா என்றும் கேட்டுவிடுங்கள். வெளியே 304, உள்ளே மட்டமான தகடு என்றால் கொடுத்த காசு வீண்.

304-க்கு ஒரு குணம் உண்டு: சூட்டில் அதிகம் நீளும். 300 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒரு மீட்டருக்கு சுமார் 5 மில்லிமீட்டர். சாதா இரும்பு 3½-தான். குளிர்ந்த நிலையில் இடிக்காத குழாய், அரை மணி நேரம் ஓடியதும் ரப்பர் மவுண்ட்டை இழுத்துக்கொண்டு தரைத்தகட்டில் தட்டுவது இதனால்தான்.

இனி சத்தம். நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு வைத்த பெட்டி, கடையில் கேட்கும்போது அருமையாக இருக்கும். வருடங்கள் போகப்போகப் பஞ்சு கருகித் தூளாகி வால்குழாய் வழியே வெளியேறிவிடும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது ஓட்டுபவருக்கே தெரியாது. தடுப்புத் தகடுகள் வைத்த பெட்டி ஆரம்பத்தில் மந்தமாகக் கேட்டாலும் பல வருடம் அதே குரலில் பேசும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. எம்ஜிபி ஓவர்டிரைவில் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) மணிக்கு 70 மைல் போகும்போது சுற்று 3200 அளவில் இருக்கும். பெரிய விட்டக் குழாயும் ஒற்றைப் பெட்டியும் மாட்டிய வண்டியில் காதை அடைக்கும் உறுமல் எழுவது பெரும்பாலும் இந்த வேகத்தை ஒட்டித்தான். நிலையான கூரையுள்ள ஜிடி மாடலின் மூடிய கூண்டுக்குள் அது இன்னும் மோசம். கடை வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே செட் மாட்டிய ஒரு வண்டியில் நெடுஞ்சாலையில் அரை மணி உட்கார்ந்து பாருங்கள்.

டியூப் மேனிஃபோல்டு (வார்ப்பிரும்புக்குப் பதில் குழாய்களை வெல்டிங் செய்து செய்தது) பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த எஞ்சின் தலையில் புகை வெளியேற மூன்றே வாய்கள். நடுவிலுள்ளது 2, 3 சிலிண்டர்களுக்குப் பொது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே நன்றாக வடிவமைத்தது என்பதால், எஞ்சினில் வேறு வேலை செய்யாமல் டியூப் மாட்டினால் கிடைப்பது சொற்பம். தொல்லை நிறைய. இன்லெட் (கலவை உள்ளே போகும்), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) மேனிஃபோல்டு இரண்டையும் ஒரே ஸ்டட்டில் (எஞ்சினில் பதித்த மரையாணி) உள்ள தடித்த வாஷர்தான் அழுத்திப் பிடிக்கிறது. புது மேனிஃபோல்டின் விளிம்புத் தடிமன் இன்லெட்டோடு ஒத்துப்போகாவிட்டால் வாஷர் சாய்ந்து உட்காரும், ஒரு பக்கம் காற்றுக் கசியும். டியூப்தான் வேண்டும் என்றால் இரண்டு விளிம்புகளையும் கேலிப்பரில் அளந்து, வாஷரின் ஒரு பாதியை அரைத்துச் சமன்செய்த பிறகே மாட்டுங்கள். இடதுபக்க ஸ்டியரிங் வண்டியில் ஸ்டியரிங் தண்டோடு எவ்வளவு இடைவெளி என்பதையும் பாருங்கள். இரும்பு டியூப்பில் வெப்பத்துணி சுற்றாதீர்கள்; ஈரம் உள்ளேயே நின்று குழாயை அரித்துவிடும்.

பழையதைக் கழற்றும்போது அவசரம் கூடாது. டவுன்பைப்பைப் பிடிக்கும் ஆறு நட்டுகளுக்கும் முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். அசையாவிட்டால் நட்டைச் சூடாக்குங்கள்; பலம் போட்டால் ஸ்டட் முறியும், பிறகு மேனிஃபோல்டையே இறக்க வேண்டிவரும். பின்பகுதியை வெட்டியே எடுத்துவிடுங்கள், காப்பாற்ற அதில் ஒன்றுமில்லை. திரும்பப் போடும்போது பித்தளை நட்டுதான் போட வேண்டும். இரும்பு நட்டு ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளும். மேனிஃபோல்டைத் தலையோடு இறுக்க 15 பவுண்டு-அடி போதும்.

முழுச் செட்டையும் முன்னிருந்து பின்னாகத் தளர்வாகவே கோத்துக்கொள்ளுங்கள். இணைப்புக்குழாய் 40 மில்லிமீட்டராவது உள்ளே போகட்டும். பின் அச்சு தொங்கும் நிலையிலும், சக்கரம் தரையில் ஊன்றி பின் டிக்கியில் பாரம் ஏற்றிய நிலையிலும் குழாய் எங்கும் தொடாமல் இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழைந்தால் சரி. பிறகுதான் முன்னிருந்து இறுக்க வேண்டும். முதலில் பின்னால் இறுக்கினால் மொத்த இழுவையும் டவுன்பைப் கேஸ்கட்டில் போய் விழும். சில மாதத்தில் அது பிய்ந்து புகை கசியும். எஞ்சின் மவுண்ட் தொய்ந்திருந்தால் இந்த வேலைக்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளியெல்லாம் பின்னால் மாறிப்போகும்.

யு கிளாம்ப் குழாயை நசுக்கிவிடும், அடுத்த முறை பிரிக்க முடியாது. பட்டைக் கிளாம்ப் வாங்குங்கள், அதுவும் ஸ்டெயின்லெஸ்ஸில். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் காய்ந்த நிலையில் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் செம்பு கிரீஸ் தடவுவது கட்டாயம். வால்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும். குட்டையாக விட்டால் பம்பர் கறுப்பதோடு, ஓடும்போது புகை உள்ளே இழுபடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; கியர் லீவர் ரப்பர், தரைத்தகட்டின் துளைகளிலுள்ள ரப்பர் வளையங்கள் கிழிந்திருந்தால் இதே வேலையோடு மாற்றுங்கள்.

மாட்டியதும் ஐடிலில் ஓடவிட்டு, வால்குழாயைத் தடித்த துணியால் இரண்டு மூன்று நொடி அடைத்துப் பாருங்கள். சீறல் கேட்கும் இணைப்புதான் கசிகிறது. நன்றாகச் சூடாகி ஆறியபின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள், நூறு மைல் ஓடியதும் இன்னொரு முறை. ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடித்தால் கார்புரேட்டரில் கை வைக்கும் முன் டவுன்பைப் இணைப்பில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் கார்புரேட்டரின் பெட்ரோல்-காற்றுக் கலவை. எஸ்யுவின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், விழுந்தால் குறைவு, லேசாக ஏறி இறங்கினால் சரி. பழைய அளவிலேயே இருக்கும் செட்டுக்கு, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஊசியை மாற்ற வேண்டியதில்லை. பெரிய விட்டமும் டியூப்பும் சேர்ந்தால் ரோலிங் ரோட்டில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் கருவி) பார்த்து ஊசி தேர்ந்தெடுப்பது தவிர்க்க முடியாது. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் செட்டில் குழாய்க்கு முன்பே போய்விடுவது ரப்பர் மவுண்ட். ஒன்று அறுந்தாலும் பெட்டி ஆடத் தொடங்கி, பெட்டியும் குழாயும் சேரும் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். உத்தரவாதம் பெரும்பாலும் துருவுக்குத்தான்; ஆட்டத்தில் விழுந்த விரிசலுக்கும் கருகிய பஞ்சுக்கும் பொருந்துமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். வருடம் ஒருமுறை ரப்பரை விரலால் மடக்கி வெடிப்புப் பாருங்கள். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைத்தால், வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓட்டுவதென்றால் இருபது மைலாவது ஓட்டிப் பெட்டியைக் காயவிடுங்கள். இல்லையென்றால் வசந்தம் வரை சாவியைத் தொடாதீர்கள்.