பெட்ரோல் லைன் ஓட்டை: ரப்பர் ஹோஸா, புதுக் குழாயா?

மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்குமாக ஓடும் பழைய கார் என்றால் அடிப்பக்கத்து இரும்புக் குழாயை உப்புக்காற்று சும்மா விடாது. என் காரில் கிளிப் பிடித்திருந்த இடத்தில் கசிந்தது. கிளிப்புக்கு அடியில் ஈர மணல் தங்கும், அங்கேதான் முதலில் துரு தின்னும்.

மலிவான வழி, கெட்ட துண்டை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸ் செருகிக் கிளாம்ப் போடுவது. ஒரு மணி நேர வேலை. ஆனால் எந்த ஹோஸ் என்பதில்தான் விஷயமே. கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் அரை பாருக்கும் குறைவு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சுமார் 3 பார். அதற்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (அந்த அழுத்தத்தைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸுக்கான தரக்குறி) என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். படகில் மிஞ்சிய தண்ணீர் ஹோஸைக் கொண்டுவந்து மாட்டும் சாமர்த்தியம் நம் பக்கம் உண்டு. பெட்ரோலில் அது ஊறி உப்பிப் போகும். குழாய் முனையில் சின்னப் புடைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸ் நழுவும். எம்-சீல் அப்பலாமா என்றால், வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று முழுக் குழாயையும் மாற்றுவது. செலவு அதிகம். ஆனால் செம்பு-நிக்கல் குழாய் கிடைத்தால் கடல் உப்பு அதை லேசில் தொடாது. கப்பல்களில் கடல்நீர் ஓடுவதே அதில்தான். கையாலேயே வளைக்கலாம். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் விரிசல் விடும்.

சரி, எது? ஸ்க்ரூடிரைவரால் குழாய் நெடுகச் சுரண்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் துரு என்றால் ஹோஸ் போதும். செதில் செதிலாக உதிர்ந்தால் ஒட்டுப் போடுவது வீண். எதுவானாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.