பழைய டெம்போ டிராவலர்: ஒரு வாரம் 11, மறு வாரம் 8

பத்து, பதினைந்து வருஷம் ஓடிய டெம்போ டிராவலரைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது "என்ன கொடுக்குது?" என்றுதான், அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் மைலேஜ் என்று. "பத்து, பதினொண்ணு கொடுக்கும்ண்ணே... சில நேரம் எட்டு" என்று பதில் இழுத்துக்கொண்டு வரும். விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் ஓடும் பழைய டிராவலர்கள் பலவற்றுக்கு இந்த நிலைமைதான். வண்டியை மொத்தமாக எடைபோடும் முன் இந்த ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்வது நல்லது. வாங்கலாமா, விடலாமா என்பது பெரும்பாலும் இதில்தான் முடிவாகும்.

இந்த வேனை 1987-ல் கொண்டுவந்தது பஜாஜ் டெம்போ. 2005-ல் கம்பெனியின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. உடல் மெர்சிடிஸின் டி1 வேன் வழி வந்தது, 2.6 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் மெர்சிடிஸ் ஓஎம் 616 வழி வந்தது. இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றியிருந்தால் நீண்ட காலம் உழைக்கும், இதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. ஏசி உள்ள 12 சீட்டர், உடம்பு சரியாக இருந்தால், திண்டிவனம் ரோட்டில் 70-ல் போகும்போது லிட்டருக்கு 10, 11 எதிர்பார்க்கலாம். ஊருக்குள் 8-ஐ ஒட்டி வரும். இந்த அளவு வண்டிக்கு அது நியாயமான கணக்கு.

வண்டி எப்போதுமே 8 தான் கொடுக்கிறது என்றால் அது ஒரு வகைக் கோளாறு. ஒரு வாரம் 11, மறு வாரம் 8 என்றால் அது வேறு வகை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் தேய்ந்தாலும், அதற்கு டீசல் அனுப்பும் பம்ப் தேய்ந்தாலும், கம்ப்ரஷன் இறங்கினாலும் அது நாளுக்கு நாள் மோசமாகுமே தவிர, திங்கட்கிழமை வந்து வியாழக்கிழமை போகாது. ஆனால் மைலேஜ் என்று வாயைத் திறந்தாலே பல பட்டறைகளில் முதலில் சொல்வது "பம்பை இறக்கி காலிபரேஷன் போடணும்" என்பதுதான், அதாவது பம்ப் விடும் டீசல் அளவைச் சரிசெய்ய வேண்டும் என்று. ஏறி இறங்கும் மைலேஜுக்கு அதைக் கடைசியாகச் செய்யுங்கள். வந்து போகிற கோளாறுக்கு வந்து போகிற காரணத்தைத்தான் தேட வேண்டும்.

அதில் முதல் காரணம் வண்டியிலேயே இருக்காது, டீசல் போடும் முறையில் இருக்கும். புதுச்சேரியில் டீசல் விலை தமிழ்நாட்டை விடக் குறைவு. அதனால் கடலூர் வண்டிகள் எல்லையில் முள்ளோடை, கன்னியக்கோயில் பங்குகளில் ரொப்பிக்கொண்டு, தெற்கே போகும்போது அவசரத்துக்கு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுக்கொள்கின்றன. கணக்கும் ரூபாயில்தான் ஓடும். இரண்டு விலையில் வாங்கிய டீசலை ரூபாயில் கணக்குப் போட்டு மைலேஜ் பார்த்தால், வண்டி ஒரு சொட்டுக்கூட அதிகம் குடிக்காமலே எண் மாறும். முள் பாதியில் நிற்கிறது என்று கணிப்பதும் அப்படித்தான். டேங்குக்குள் மிதந்து முள்ளை நகர்த்தும் பழைய ஃப்ளோட் சரிந்த தரையில் ஒன்று சொல்லும், சமதரையில் வேறொன்று சொல்லும்.

சரியான முறை இது. ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி அதே இடத்தில் அதே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பங்க் நாசில் முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். டீசல் நுரைக்கும் என்பதால் இரண்டு நிமிஷம் விட்டு, மறுபடி மெதுவாக விட்டு, இரண்டாவது கட்-ஆஃபில் நிறுத்துங்கள். குறைந்தது 250 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். 286 கிலோமீட்டருக்கு 27.4 லிட்டர் பிடித்தால் 10.4. பத்து லிட்டர் போட்டுப் பார்க்கும் கணக்கில் இரண்டு லிட்டர் முன்னே பின்னே ஆனால் விடை 20 சதவீதம் தப்பாகிவிடும். ஐம்பது லிட்டரில் அதே இரண்டு லிட்டர் வெறும் 4 சதவீதம். ஒரு நிரப்பலை நம்பாமல் மூன்று நிரப்பலின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்.

ஓடோமீட்டரையும் சரிபாருங்கள். போனில் ஜிபிஎஸ் போட்டு 50 கிலோமீட்டர் ஓடி ஒப்பிட்டால் போதும். முந்தைய ஓனர் வட்டம் பெரிய டயர் மாட்டியிருந்தால் மீட்டர் குறைவாகத்தான் ஓடும். 50-க்கு 47 காட்டினால் உங்கள் மைலேஜில் 6 சதவீதம் மீட்டரிலேயே காணாமல் போகிறது.

அடுத்தது நிற்கும் நேரம். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற வண்டியைப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து செஞ்சி வழியாகப் போய்வர ஏறக்குறைய 215 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 என்றால் 21.5 லிட்டர் போதும். ஆனால் ஆட்கள் மலை சுற்றும்போது வயதானவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள், ஏசி ஓடும். இந்த இன்ஜின் ஏசியோடு ஐடிலில் நின்றால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். நாலு மணி நேரத்துக்கு நாலு லிட்டர், கிலோமீட்டர் சுழி. மொத்தம் 25.5 லிட்டர், மைலேஜ் 8.4. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. முகூர்த்த நாளில் மண்டப வாசலில் நிற்கும் வண்டிக்கும் இதே கதிதான். டிரிப் நோட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் "ஏசியோடு நின்ற மணி" என்று ஒரு கட்டம் போட்டு எழுதினால், பல வண்டிகளின் மர்மம் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும்.

வேகமும் அப்படித்தான். உயரமான பெட்டி இது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும், 70-க்கும் 90-க்கும் நடுவில் அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். மேலே கேரியர் இருந்தால் இன்னும் கூடும். ஈசிஆரில் டிராஃபிக்கோடு 65-ல் போகிற டிரைவரும் திண்டிவனம் நாலு வழிச்சாலையில் 95 பிடிக்கிற டிரைவரும் ஒரே வண்டியில் ஒரே மைலேஜ் காட்ட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று சென்னைப் பக்கம் போகும்போது எதிரே அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். அந்த மாதங்களில் போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு என்று பார்க்காமல் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் எண் ஆடினால், முதலில் பிரேக்கைப் பாருங்கள். நம் கடலோரத்தில் இதுதான் முதல் குற்றவாளி. உப்புக்காற்றில், பிரேக் பேடை அழுத்தும் காலிபரின் பின் துருப்பிடித்து இறுகும், ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். சில நாள் விடும், சில நாள் விடாது. பிரேக் லேசாகப் பிடித்தபடி ஓடும் வண்டி டீசல் குடிக்கும், ஆனால் ஓட்டுபவருக்கு "கொஞ்சம் இழுவை குறைவு" என்றுதான் தெரியும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். பதினைந்து கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை அதிகம் தொடாமல் உருட்டி நிறுத்துங்கள். நாலு சக்கரத்தின் நடுவிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சூடு பாருங்கள். முன் இரண்டையும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள், பின் இரண்டையும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் 25, 30 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்தச் சக்கரம் பிடிக்கிறது. கையால் தொட்டுப் பார்ப்பதானால் ஜாக்கிரதை, சூடான டிரம் தோலை உரித்துவிடும்.

பிடிக்கும் சக்கரத்தை, சூடு ஆறுவதற்குள், ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால், பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் உள்ளே பிரஷர் சிக்கியிருக்கிறது என்று பொருள். விடுபடாவிட்டால் கோளாறு சக்கரத்திலேயே இருக்கிறது: பிஸ்டன், பின், லைனிங் ஸ்பிரிங், கேபிள் இவற்றில் ஏதோ ஒன்று. பிரஷர் சிக்கியிருந்தால் இரண்டு இடம் பாருங்கள். பிடிப்பது ஒரு சக்கரம் மட்டுமானால், அதன் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழிக் கதவு மாதிரி ஆகியிருக்கும். வெளியே பார்த்தால் புதிதுபோலத் தெரியும், ஏமாற வேண்டாம். பத்து வருஷம் ஆன ஹோஸை ஜோடியாக மாற்றுங்கள். எல்லாச் சக்கரமும் பிடித்தால், பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரை, மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரோடு பிடிக்கும் நட்டுகளை இரண்டு சுற்று தளர்த்துங்கள். உடனே விடுபட்டால் நடுவில் உள்ள புஷ் ராட் நீளமாக இருக்கிறது, இடைவெளியே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய வண்டிகளில் இது அதிகம். காலையில் நன்றாக ஓடும். ஆயில் சூடாகி விரியும்போது திரும்பப் போக வழியில்லாமல், தானாகவே பிரேக் இறுகும். மைலேஜ் மத்தியானத்துக்கு மேல் மட்டும் விழுவதன் ரகசியம் பல வண்டிகளில் இதுதான். சோதித்த பிறகு நட்டை முறையாக இறுக்கி, திறந்த நிப்பிளை மூடியிருக்கிறதா என்று பார்த்து, பிரேக் ஆயில் அளவு சரிபார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

காலிபர் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போடுவது பெரிய தவறு. அது பின்னை மூடும் ரப்பர் உறையை வீங்கச் செய்து மறுபடி இறுக்கிவிடும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும்.

டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். அளவை வண்டியின் தகட்டில் உள்ளபடி வையுங்கள்.

இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறிந்த டிராவலர்கள் ஏராளம். அது இல்லாமல் இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும், மழை நாளிலும் இரவு ஓட்டத்திலும் சூடே ஏறாது. குளிர்ந்த இன்ஜின் அதிக டீசல் எரிக்கும். மழைக்காலத்தில் மட்டும் மைலேஜ் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள். டெம்பரேச்சர் முள் நெடுஞ்சாலையில் கீழேயே கிடந்தால் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். பொருளின் விலை குறைவு, வேலை ஒரு மணி நேரம்.

டீசல் எரியாமலே போகும் வழிகளும் உண்டு. இன்ஜெக்டர்களுக்கு மேலே ஓடும் ரிட்டர்ன் ஹோஸ் வெடிப்பு விட்டுக் கசியும், சூட்டில் காய்ந்துவிடுவதால் கீழே சொட்டாது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், பம்பின் சீல் போனால் இன்ஜின் ஆயிலில் டீசல் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறினால், மோந்து பாருங்கள். டீசல் வாசனை வந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். ஆயில் நீர்த்து பேரிங் போகும், அளவு மீறினால் இன்ஜின் தானாக ரேஸாகவும் வாய்ப்புண்டு.

கருப்புப் புகையோடு மைலேஜ் விழுந்தால் டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாய்களைத் தடவுங்கள். கிளிப் அருகே எண்ணெய்ப் பசை புதிதாக இருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது, ரேஸ் ஆகும்போது மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு அது. அதுவும் இல்லையென்றால் பம்பின் செட்டிங்கை யாரும் மாற்றாமலிருக்கப் போட்ட சீல் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிக்கப் வேண்டும் என்று டீசல் அளவைக் கூட்டும் ஃபுல் லோடு ஸ்க்ரூவை யாரோ ஏற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டர் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டியானால் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் நாலு பாட்டிலில் விட்டு ஐந்து நிமிஷம் ஐடிலில் பிடியுங்கள். ஒன்று மட்டும் மற்றதை விட இரண்டு மடங்கு நிரம்பினால் அந்த ஒன்றை மட்டும் வேலைக்குக் கொடுத்தால் போதும், நாலையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனர் மாட்டும்போது கூலன்ட் சென்சார் காட்டும் சூட்டையும் பாருங்கள். சூடான இன்ஜினில் அது 40 டிகிரி காட்டினால் ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், குளிரில் நிற்பதாக நினைத்து டீசல் கொட்டும்.

வாங்கலாமா? மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை, அதனால் ஆடும் மைலேஜ் வண்டியை நான் ஒதுக்க மாட்டேன். நிலையாக 7-ல் நிற்கும் வண்டிதான் பயப்பட வேண்டியது, அதில் செலவு இன்ஜினுக்குள் இருக்கும். மைலேஜை விட, கடலூர் துறைமுகப் பக்கமும் கடற்கரைச் சாலையிலும் நின்ற வண்டியின் ஃப்ளோரும் படிக்கட்டும் துருவில் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதே விலையை முடிவு செய்ய வேண்டும். பார்க்கப் போகும்போது தெர்மாமீட்டரை எடுத்துப் போங்கள். அரை மணி ஓட்டிவிட்டு, பேரம் தொடங்கும் முன் நாலு சக்கரத்தையும் அளந்துவிடுங்கள்.